பினாங்கில் எல்லோரும் சுகம்

ஜெக்கரியா ஓடிக்கொண்டிருந்தான்.

வாய்க்கால் கரை. உச்சி வெயில். சட்டைக்குள் வயிற்றோடு சேர்த்துச் செருகியிருந்த அட்டை ஃபைல் வியர்வையில் நனைந்து தோலில் ஒட்டிக்கொண்டது. ஒரு செருப்பு சேற்றோடு போய்விட்டது. இன்னொன்றை அவனே உதறிவிட்டான்.

பின்னால் சைக்கிள் மணி.

கிணிங். ஒரு இடைவெளி. கிணிங்.

துரத்துகிறவன் அடிக்கிற மணி இல்லை அது. 'தம்பி, எதையோ மறந்துட்டுப் போறீங்களே' என்று கூப்பிடுகிற மணி.

மேட்டூர் திறந்து ஒரு மாதமாகிறது. வாய்க்கால் நிறையத் தண்ணீர். இரண்டு பக்கமும் நடவு முடிந்த வயல்கள். ஆனால் ஒரு தலை தெரியவில்லை. எல்லோரும் கஞ்சிக்குப் போயிருக்கிற நேரம்.

அரை மைலில் தார் ரோடு. பன்னிரண்டே முக்கால் பஸ். அதைப் பிடித்தால் முத்துப்பேட்டை, வீடு, உம்மா.

பிடிக்காவிட்டால்?

திடலில் வெட்டிக்கொண்டிருந்த குழி கண்ணுக்குள் வந்தது. ஜெக்கரியா இன்னும் வேகமாக ஓடினான்.

*

நான்கு மாதங்களுக்கு முன்னால், 1974 மார்ச்சில், அவனுக்கு ஒரே ஒரு பிரச்னைதான் இருந்தது. வேலை.

டெல்லியில் படித்து சர்வதேச உறவுகளில் எம்.ஏ. வாங்கியிருந்தான். முத்துப்பேட்டை கடைத்தெருவில் அதைச் சொன்னபோது டீக்கடைக்காரர் யோசித்துவிட்டுக் கேட்டார்: "வெளிநாட்டுல சொந்தக்காரங்க இருக்கிறதுக்கா தம்பி பரீட்சை வைக்கிறாங்க? நம்ம தெருவுல எல்லாருமே பாஸ் ஆயிடுவோமே."

வெளியுறவுத் துறைப் பரீட்சையில் இரண்டு தடவை தோற்றிருந்தான். கல்லூரி வேலைக்கு எழுதினால் 'பொலிடிகல் சயன்ஸ் வேணும்' என்று பதில் வந்தது. சென்னையில் இருந்த தூதரகங்களுக்கெல்லாம் மனு போட்டான். ஒரு தூதரகம் மட்டும் அழகான காலண்டர் அனுப்பி வைத்தது.

வாப்பா மூஸா மளிகைக் கடை வைத்திருந்தார். அதிகம் பேச மாட்டார். அன்றைக்குப் பேசினார்.

"பம்பாய் ஏஜெண்டு குவைத்துத் துறைமுகத்துல வேலை இருக்குங்கிறான். பாஸ்போர்ட்டும் கையில இருக்கு. பத்து நாள் டைம் தர்றேன். உன் படிப்புக்கு இந்த மண்ணுல ஒரு வேலை கிடைச்சா போ. இல்லேன்னா கப்பலேறு."

"துறைமுகத்துல என்ன வேலை வாப்பா?"

"சிமெண்டு மூட்டை எண்றது."

வியன்னா மாநாடு, வெர்செயில்ஸ் ஒப்பந்தம், அணிசேராக் கொள்கை. கடைசியில் சிமெண்டு மூட்டை.

எட்டாவது நாள் பேப்பரில் அந்த விளம்பரம் வந்தது. 'வெளிநாட்டுக் கடிதப் போக்குவரத்துக்குப் படித்த இளைஞர் தேவை. சர்வதேச விஷயங்களில் ஞானம் அவசியம். சாப்பாடும் அறையும் இலவசம். பிரகதாம்பாள் பண்ணை, கோரையங்குடி.'

நெல்லும் உளுந்தும் விளைகிற பண்ணையில் சர்வதேச ஞானம் எதற்கு? கேட்டிருக்க வேண்டும். இரண்டு நாள்தான் பாக்கி இருந்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினான்.

*

கோரையங்குடிப் பண்ணை வீட்டில் அவனை உட்கார வைத்தவர் கல்யாணம், பண்ணையின் காரியஸ்தர். ஐம்பது வயது. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, சைக்கிள் க்ளிப்பைக் கழற்றாத கால். குரலை உயர்த்தவே தெரியாதவர்.

உள் வாசற்படி அருகே பிரகதாம்பாள் முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். இருநூறு ஏக்கருக்குச் சொந்தக்காரி, தன் வீட்டு உளுந்தைத் தானே புடைத்தார்.

கல்யாணம் ஒரு பழைய கடிதத்தை நீட்டினார்.

"நம்ம குத்தகைக்காரங்க ஏழு பேர் அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி நாகப்பட்டினத்துல கப்பலேறிப் பினாங்கு போனாங்க. அதுல ஒருத்தன் எழுதினது. படிங்க. இதுல ஏதாவது தப்பு இருக்கா?"

தேதி 20-5-1969. 'நாங்கள் எல்லோரும் சுகம். நேற்று ராத்திரி கோலாலம்பூர் போய் ரெண்டாம் ஆட்டம் சினிமா பார்த்துவிட்டு விடிவதற்குள் வந்துவிட்டோம்.'

ஜெக்கரியாவுக்கு உள்ளங்கை பரபரத்தது. இரண்டு வருஷப் படிப்புக்கு முதல் தடவையாக ஒருவர் கேள்வி கேட்கிறார்.

"ரெண்டு தப்பு சார். அந்த வருஷம் மே பதிமூணாம் தேதி அங்க பெரிய கலவரம். ஊரடங்கு. யாரும் ராத்திரி சினிமா பார்த்திருக்க முடியாது. ரெண்டாவது, பினாங்குக்கும் கோலாலம்பூருக்கும் இருநூறு மைலுக்கு மேல. விடியறதுக்குள்ள வர முடியாது."

கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சேர்த்துக்கொண்டான்: "இன்னொண்ணும் இருக்கு. அப்பவே பர்மிட் இல்லாத வெளிநாட்டானுக்கு அங்க வேலை கிடையாது. இவங்க எப்படிப் போனாங்க?"

முறம் நின்றது.

பிரகதாம்பாள் முதன்முறையாக அவனைப் பார்த்தார். "கல்யாணம், முன்னாடி இருந்தவருக்கு இதெல்லாம் தெரியாம போச்சே."

"படிக்காதவன் சொல்லச் சொல்ல எவனோ எழுதியிருக்கான்மா. சினிமாக் கதையெல்லாம் சேர்த்து விட்டிருக்கான்" என்றார் கல்யாணம். அவனிடம் திரும்பி, "உங்க சொந்த விஷயம் சொல்லுங்க தம்பி. வேலை கிடைக்கலேன்னா என்ன செய்யறதா இருந்தீங்க?"

மறைக்கத் தோன்றவில்லை. வாப்பாவின் பத்து நாள் கெடு, பம்பாய் ஏஜெண்டு, குவைத்து, சிமெண்டு மூட்டை எல்லாவற்றையும் சொன்னான். கல்யாணம் சிரித்தார்.

மத்தியானம் எழுத்துப் பரீட்சை. பன்னிரண்டு தாள், புது மசி, ஒரே கேள்வி. மூன்று மணி நேரம் குனிந்த தலை நிமிராமல் எழுதிக் கொடுத்தான். கல்யாணம் ஒவ்வொரு தாளாக வாசித்து அடுக்கினார்.

"நூத்துக்கு நூறு. இன்னிக்கே சேர்ந்துடுங்க. ஒரே ஒரு நிபந்தனை. ஆறு மாசம் லீவு கிடையாது."

அந்தத் தாள்களை ஜெக்கரியா அதோடு மறந்துபோனான். வேலை கிடைத்த சந்தோஷத்தில் பரீட்சைத் தாளை யார் ஞாபகம் வைத்திருப்பார்கள்?

*

முதல் மாதம் சுலபம். ஏழு குடும்பங்கள். ஒருவருக்கும் எழுதப் படிக்கத் தெரியாது. அவர்கள் சொல்வதைக் கேட்டுப் பினாங்குக்கு எழுத வேண்டும். எழுதியதைக் கல்யாணத்தின் தபால் பையில் போட வேண்டும். வீட்டுக்கு எழுதிய கடிதத்தையும் அதிலேயே போட்டான். வேலை கிடைத்துவிட்டது, கோரையங்குடியில் இருக்கிறேன் என்று.

பதில் வரவில்லை. வாப்பாவுக்குக் கோபம் என்று நினைத்தான். குவைத்தை வேண்டாம் என்ற பிள்ளைக்கு அவர் பதில் போட்டால்தான் ஆச்சரியம். மே மாதம் நாடு முழுக்க ரயில் வேலைநிறுத்தம், தபாலே ஓடவில்லை. காரணத்துக்குப் பஞ்சமில்லை.

இரண்டாவது மாதம் கல்யாணம் அறைக்கு வந்தார்.

"பினாங்குலேர்ந்து கடுதாசி வரலை. கப்பல் லேட்டு. ஏழு பொம்பளைங்களும் தினம் வந்து வாசல்ல நிக்கறாங்க. ஒரு ஆறுதலுக்கு நீங்களே எழுதிடுங்களேன், அவங்க எழுதற மாதிரி."

"அது பொய் இல்லையா சார்?"

"சுகமா இருக்காங்கன்னு சொல்றதுல என்ன பொய்? சுகமாத்தானே இருக்காங்க."

எழுதினான். மூன்றாவது மாதம் ஒன்றிரண்டு போதாது, வருஷம் முழுவதற்கும் எழுதி வைக்க வேண்டும் என்றார்கள். மொத்தமாக ஒரு கட்டு கப்பலில் போகும். அங்கே ஒரு ஆள் மாதம் ஒன்றாக ஸ்டாம்பு ஒட்டிப் போடுவான். அப்போதுதான் முத்திரை சரியாக இருக்கும்.

பிரகதாம்பாள் முறத்தோடு அவன் அறை வாசலில் வந்து உட்காருவார்.

"மார்கழியில காத்தமுத்துவுக்குக் காய்ச்சல் வரட்டும். தையில சரியாயிடட்டும்."

எழுதுவான்.

"சடையனுக்குக் கல்யாணம் பண்ணிடலாமா?"

"பினாங்குல சீனப் பொண்ணுங்க நிறைய. அப்படி எழுதலாங்களா?"

"வேண்டாம். அவங்க அம்மா அழுவா. தமிழ்ப் பொண்ணாப் பாருங்க." கல்லைப் பொறுக்கி வெளியே எறிந்தார். "பொறக்கிற குழந்தைக்கு என் பேரை வைக்கச் சொல்லுங்க. அது பாவம், நல்லா இருக்கட்டும்."

ஏழு மனிதர்களின் அடுத்த வருஷம் அந்த அறையில் முடிவாகிக்கொண்டிருந்தது. ஜெக்கரியா அவர்களுக்குச் சளி கொடுத்தான், மழை கொடுத்தான், ரப்பர் விலை இறங்கியதால் ஒரு மாதம் கஷ்டமும் கொடுத்தான். அவனுடைய எம்.ஏ. அதற்குப் பயன்பட்டது. எழுதி முடித்ததும் ஒவ்வொரு தடவையும், பழைய கடிதங்கள் நிஜம், நான் நடுவில் ஒட்டுப்போடுகிறேன் என்று சொல்லிக்கொள்வான். மனிதர்கள் அங்கே இருக்கிறார்கள், நலமாக இருக்கிறார்கள்.

அறைக்கு ஒரே ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே கோரைத் திடல். சுற்றிலும் உழுது நட்ட பூமிக்கு நடுவில் அந்த ஒரு துண்டு மட்டும் தரிசாகக் கிடந்தது. காவிரித் தண்ணீர் பாய்கிற ஊரில் யாராவது ஒரு குழி நிலத்தைச் சும்மா விடுவார்களா? நடவுப் பெண்கள் அதைச் சுற்றிக்கொண்டு தூரமாகப் போவார்கள். பாட்டுப் பாடிக்கொண்டு வருகிறவர்கள் அந்த இடம் வந்ததும் வாயை மூடிக்கொள்வார்கள். அது தாண்டியதும் மறுபடி பாட்டு தொடங்கும்.

*

பூவம்மாள் காத்தமுத்துவின் தாய். ஒவ்வொரு மாதமும் முதல் தேதி வருவாள். படியில் ஏறமாட்டாள். அவன் வாசிப்பதை வெயிலில் நின்று கேட்டுவிட்டுக் கடிதத்தை வாங்கி மடியில் செருகிக்கொண்டு போய்விடுவாள். அழமாட்டாள், சிரிக்கமாட்டாள்.

இந்த ஜூலையில் அவள் நகரவில்லை.

"தம்பி, ஒண்ணு கேட்டா கோச்சுக்க மாட்டீங்களே."

"கேளுங்கம்மா."

மடியிலிருந்து ஒரு பழைய கடிதத்தை எடுத்தாள். "இது போன வருசம் வந்தது. உச்சியில என்னமோ போட்டிருக்கே, என்னாது?"

பார்த்தான். தாளின் தலைப்பில், சின்னதாக, 786.

"எனக்குப் படிப்பு வராதுங்க. ஆனா கோலத்தைப் பாக்கற மாதிரி பாத்து வச்சுக்குவேன். கடைத்தெருவுல பாய் கடைப் பலகையில இதேதான் இருக்கு. மத்த எந்தக் கடுதாசியிலயும் இல்லை. எம்மவன் எதுக்குத் தம்பி அதைப் போடறான்?"

"அங்க எழுதிக் குடுத்தவர் எங்க ஆளா இருக்கும்."

"இருக்கும்." அவள் கடிதத்தை நீவினாள். "குத்தகையைப் பதிஞ்சு குடுன்னு கவர்மெண்டுல புதுச் சட்டம் வந்தப்ப, ஏழு பேரும் ஒண்ணா மனு எழுதினாங்க. மறுநா காலையில பாத்தா ஆளுங்க இல்லை. கப்பலேறிட்டாங்கன்னு கல்யாணம் ஐயா சொன்னாரு. எம்மவன் செருப்பு மட்டும் வாய்க்கால் கரையில கெடந்துச்சு. கப்பலுக்கு வெறுங்காலோடவா போவாங்க?"

பதிலுக்குக் காத்திருக்காமல் போய்விட்டாள். கடிதத்தை மறந்தாளா, வேண்டுமென்றே வைத்தாளா தெரியவில்லை. அது படியிலேயே கிடந்தது.

ஜெக்கரியா அதை எடுத்துக்கொண்டு அறைக்குள் வந்தான். ஜன்னலுக்குப் பக்கத்தில் சுவரில் பென்சிலால் யாரோ ஐந்து வேளைத் தொழுகை நேரங்களைக் குறித்து வைத்திருந்தார்கள். முன்னால் இந்த அறையில் இருந்த ஹபீப் முகம்மது என்பவராகத்தான் இருக்கும் என்று வந்த அன்றே நினைத்திருந்தான்.

கடிதத்தைச் சுவரோடு ஒட்டிப் பிடித்தான். ஏழுக்கு நடுவில் ஒரு சின்னக் கோடு. எட்டு கீழிருந்து மேலே சுழித்தது.

ஒரே கை.

பினாங்குக் கடிதம் பினாங்கிலிருந்து வரவில்லை. இந்த மேஜையிலிருந்து போயிருக்கிறது. இது மட்டுமா? ஐந்து வருஷமாக எல்லாமேவா? அப்படியானால் அந்த ஏழு பேர்?

அந்த ஒரு கடிதத்தில் மட்டும் 786. கை பழக்கத்தில் விழுந்ததா? இல்லை, அடுத்து வருகிற ஒருவன் பார்க்கட்டும் என்று விட்டுப்போன அடையாளமா?

அன்று சாயங்காலம் கல்யாணத்திடம் சாதாரணமாகக் கேட்டான். "முன்னாடி இருந்த ஹபீப் பாய் இப்ப எங்க சார்?"

"குவைத்துல. போன வருஷம் போனார். மாசா மாசம் அதிராம்பட்டினத்துக்குக் கடுதாசி வருதாம். அவர் சம்சாரம் ஜன்னத் பீவி நமக்கே சொல்லி அனுப்பிச்சாங்க, நல்லா இருக்காருன்னு." கல்யாணம் சைக்கிளில் ஏறினார். "எல்லாரும் நல்லாத்தான் இருக்காங்க தம்பி."

*

இன்று காலை கல்யாணம் தாலுகா ஆபீசுக்குப் போயிருந்தார். குத்தகை விசாரணை. ஏழு பேரின் கடிதங்களும், அவர்கள் நிலத்தை விட்டுப் போய்விட்டதற்கு அத்தாட்சியாக, அவரோடு போயிருந்தன.

அறை மூலையில் எப்போதும் பூட்டியிருக்கிற அலமாரியில் சாவி தொங்கியது. ஜெக்கரியா திறந்தான். ஏழு ஃபைல்கள் இருந்த இடம் காலி. அதற்கு அடுத்து எட்டாவது.

'ஹபீப் முகம்மது. குவைத்.'

பிரித்தான். அதே கோடு போட்ட ஏழு, அதே சுழித்த எட்டு. 'அன்புள்ள ஜன்னத்துக்கு, நான் நலம். வெயில் அதிகம்.' தேதியைப் பார்த்தான். ஆகஸ்ட் 1974. அடுத்தது செப்டம்பர். அதற்கடுத்தது அக்டோபர். இன்னும் வராத மாதங்களில் ஹபீப் முகம்மது நலமாக இருந்தார்.

ஜன்னலுக்கு வெளியே சத்தம். மண்வெட்டி.

நிமிர்ந்தான். கோரைத் திடலில் இரண்டு ஆட்கள் குழி வெட்டிக்கொண்டிருந்தார்கள். இத்தனை நாளாக அவன் அந்தக் கோரையைப் பார்த்திருக்கிறான், கவனித்ததில்லை. இப்போது கவனித்தான். அங்கங்கே ஆள் நீளத்துக்குத் திட்டுத்திட்டாகக் கோரை கரும்பச்சையாகச் செழித்திருந்தது. ஏழு திட்டு இடுப்பளவு உயரம். எட்டாவது முழங்காலளவு. ஒரு வருஷ வளர்த்தி.

குழி, ஒன்பதாவது இடத்தில்.

"தென்னங்கன்னு வைக்கிறாங்க."

திரும்பினான். வாசலில் பிரகதாம்பாள். கையில் முறம். அவன் கையிலிருந்த ஃபைலைப் பார்த்தார். கோபம் இல்லை. களைத்த முகம்.

"எட்டாவதை எடுத்துட்டீங்களா? அதுக்குப் பின்னாடி இன்னொண்ணு இருக்கே தம்பி. அதைப் பார்க்கலையா?"

அவன் பார்க்கவில்லை. ஃபைலைச் சட்டைக்குள் செருகினான். அவரை இடித்துக்கொண்டு வெளியே பாய்ந்தான். உளுந்து சிதறியது. முற்றத்தைத் தாண்டும்போது பின்னால் குரல் கேட்டது, சமையல்காரியைக் கூப்பிடுகிற அதே நிதானத்தில்:

"கல்யாணம் வந்துட்டாரா பாருங்க யாராவது."

வந்துவிட்டிருந்தார். வாசலில் சைக்கிள் மணி. ஜெக்கரியா கொல்லைப்பக்கம் திரும்பி வாய்க்கால் கரைக்குப் பாய்ந்தான்.

*

பஸ் திரும்பிக்கொண்டிருந்தபோது ஜெக்கரியா கம்பியைப் பிடித்துத் தொங்கினான். கண்டக்டர் திட்டிக்கொண்டே உள்ளே இழுத்தான். "செருப்புகூட இல்லாம எங்கேய்யா ஓடி வர்றே?"

பின் கண்ணாடி வழியே பார்த்தான். கல்யாணம் ரோட்டோரத்தில் சைக்கிளிலிருந்து ஒரு காலை மட்டும் ஊன்றி நின்றிருந்தார். மூச்சு வாங்கவில்லை. கையை உயர்த்தி, ஊருக்குப் போகிறவனை வழியனுப்புகிற மாதிரி மெதுவாக ஆட்டினார்.

வழியெல்லாம் ஜெக்கரியா ஃபைலை இறுகப் பிடித்திருந்தான். போலீசுக்குப் போவதா? அதிராம்பட்டினம் போய் ஜன்னத் பீவியிடம் முதலில் சொல்வதா? பூவம்மாளிடம் எந்த வாயால் சொல்வது, உன் பிள்ளைக்கு மார்கழிக் காய்ச்சலை நான்தான் எழுதினேன் என்று? முதலில் வீடு. வாப்பா திட்டட்டும். சிமெண்டு மூட்டை எண்ணலாம். நாளைக்கே எண்ணலாம்.

வீட்டுக் கதவைத் தட்டினான். உம்மா சைத்தூன் பீவி திறந்தார்.

கட்டிப்பிடிக்கவில்லை. அழவில்லை. வெளிறிப்போய் நின்றார். அவனுடைய வெறுங்காலைப் பார்த்தார். பிறகு அவன் தோளுக்குப் பின்னால் தெருவைப் பார்த்தார், பெட்டியைத் தூக்கிக்கொண்டு யாராவது வருகிறார்களா என்று தேடுகிற மாதிரி.

"எப்படி வந்தே?"

"பஸ்ஸுலதான்."

"பஸ்ஸுலயா? பம்பாயிலேர்ந்தா?"

"பம்பாயா? உம்மா, நான் நாலு மாசமா கோரையங்குடியில இருக்கேன். கடுதாசி போட்டேனே. ஒண்ணுக்காவது பதில் போட்டீங்களா?"

"போட்டோமே. எல்லாம் திரும்பி வந்துடுச்சு, விலாசம் சரியில்லேன்னு." உம்மா கையை நீட்டி அவன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார், சூடு இருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி. "பாத்திமா, அதை எடுத்துட்டு வா."

தங்கை பாத்திமா உள்ளேயிருந்து நான்கு கவர்களைக் கொண்டு வந்து தள்ளி நின்றே நீட்டினாள். குவைத்து ஸ்டாம்பு. ஏப்ரல் முத்திரை, மே முத்திரை, ஜூன், ஜூலை.

முதல் கவரைப் பிரித்தான். தலைப்பில் 786.

'அன்புள்ள உம்மாவுக்கும் வாப்பாவுக்கும் ஜெக்கரியா எழுதிக்கொண்டது. போன இடத்தில் வேலை கிடைக்கவில்லை. அங்கிருந்தே பம்பாய் போய்க் கப்பலேறிவிட்டேன். வீட்டுக்கு வந்து சொல்லிக்கொள்ள நேரமில்லை, மன்னிக்கவும். வாப்பா சொன்னதுதான் சரி. சிமெண்டு மூட்டை எண்ணுகிறேன். இங்கே சுகமாக இருக்கிறேன். என்னைப் பற்றி யாரிடமும் விசாரிக்க வேண்டாம்.'

அவனுடைய கையெழுத்து. அவன் போட்ட காற்புள்ளி. வாப்பாவின் மனது இளகட்டும் என்று அவனே யோசித்து யோசித்துச் சேர்த்த அந்தச் சிமெண்டு மூட்டை. புது மசி இன்னும் பளபளத்தது.

மார்ச் மாதத்து மத்தியானம் ஞாபகம் வந்தது. பன்னிரண்டு தாள்களை அடுக்கி வைத்துவிட்டுக் கல்யாணம் மெல்லிய குரலில் சொன்ன அந்த ஒரே கேள்வி.

"இங்கேயிருந்து நேரா நீங்க குவைத்துக்குப் போயிட்டதா வச்சுக்குங்க தம்பி. வீட்டுல யாரும் தேடாத மாதிரி, மாசத்துக்கு ஒண்ணா ஒரு வருஷத்துக்கு எழுதுங்க."